கொப்பியில் ‘உ’வும் ‘ப’வும்: வெயிட் தூக்கிய பதினொரு மாதம்

2024 தைப்பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் ஜிம்மில் சேர்ந்தேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்றுதான். சேர்வதில் எனக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை. இதற்கு முன்னும் இரண்டு தரம் சேர்ந்தேன்: ஒருதரம் ஆறு கிழமை, மற்றத்தரம் மூன்று. ஆரம்ப சூரத்தனத்துக்குப் பட்டம் கொடுத்தால் எனக்கு முதல் வகுப்பே கிடைக்கும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஜிம். விடிய ஐந்தரையிலிருந்து ஏழு மணிவரை பெண்களுக்கு மட்டும். பார்பெல் இரண்டு, பெஞ்ச் இரண்டு, ஃபேன் இரண்டு. அதில் ஒன்றுதான் சுற்றும். சொல்லித்தருகிறவர் சிங்களப் பெண். நான் அவரை ‘அக்கா’ என்கிறேன், அவரும் என்னை ‘அக்கா’ என்கிறார். இரண்டு மொழியிலும் ஒரே சொல் என்பதால் யார் மூத்தவர் என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கவில்லை.

“இந்த வயசில உனக்கேன் பிள்ளை இரும்பு தூக்கிற வேலை? உரலில மா இடிச்சாலே காணும்” என்றார் அம்மா. எனக்கு வயது 38. எங்கள் வீட்டில் உரல் இல்லை.

இந்தமுறை புதிதாகச் செய்தது ஒன்றே ஒன்று. சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, செவ்வாய், வியாழன், சனி என்று நாள் போட்டு, அன்றைக்குத் தூக்கவேண்டிய எடையை முதல்நாளே எழுதி வைத்தேன். போகுமுன் மனம் எப்படி இருந்தது என்பதற்கு ஓர் எழுத்து. உசாராக இருந்தால் ‘உ’. பஞ்சியாக, அதாவது சோம்பலாக இருந்தால் ‘ப’. இரண்டும் இல்லையென்றால் ஒரு கோடு.

முதல் இரண்டு மாதமும் பக்கம் பக்கமாக ‘உ’. ஸ்குவாட், அதாவது பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது, தட்டு ஏற்றாத 20 கிலோ வெறும் பாரில் தொடங்கி 37.5க்கு வந்தது. தசை அதற்குள் பெரிதாக வளர்ந்துவிடாதாம். இருக்கிற தசையை ஒன்றாக வேலைக்கு அழைக்க நரம்புகள் பழகுவதால்தான் தொடக்கத்தில் இந்த வேகம் என்று அக்கா விளக்கினார். எனக்கென்ன, ஒவ்வொரு கிழமையும் இரண்டரை கிலோ கூடினால் யாருக்குத்தான் உசார் வராது?

பங்குனியில் அந்த வேகம் நின்றது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் இரண்டரை கிலோ ஏறினால் பெரிய விஷயம். ‘ப’ தலைகாட்டியது. பிறகு சித்திரைப் புத்தாண்டுக்கு யாழ்ப்பாணம் போய் எட்டு நாள் நின்றேன். முந்தைய இரண்டு தரமும் சரியாக இந்த இடத்தில்தான் விழுந்தேன். இடையில் ஒரு இடைவெளி வரும், ‘போச்சு, இனி அடுத்த மாதம் முதலாம் தேதியிலிருந்து’ என்பேன், அந்த முதலாம் தேதி வராது.

2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த நேரத்தில் கைகொடுத்தது. லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் 96 பேரை வைத்துச் செய்தது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக நடுவாக 66 நாள் பிடிக்கிறது என்றும், ஆளையும் செயலையும் பொறுத்து அது 18இலிருந்து 254 வரை போகலாம் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று: நடுவில் ஒருநாள் தவறினால் பழக்கம் உருவாவதில் பெரிய சேதமில்லையாம். எட்டு நாளுக்கு அது பொருந்துமோ தெரியாது, நான் பொருத்திக்கொண்டேன்.

திரும்பிப் போன பிறகு ஒரு விதி வைத்தேன். பையை இரவே வாசலில் வைப்பது. கரையோர ரயிலின் சத்தம் கேட்டதும் எழும்புவது. ஜிம்முக்குப் போய் வெறும் பாரைப் பத்துத் தடவை தூக்குவது. அதற்குமேல் மனமில்லையென்றால் வீட்டுக்குத் திரும்பலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். ஜூன் தொடக்கத்து மழையில் பள்ளிக்கூடங்களையே பூட்டினார்கள். அந்தக் கிழமை மட்டும் விதிக்கு விடுமுறை.

நேற்று உட்கார்ந்து கொப்பியை எண்ணினேன். மொத்தம் 104 நாள் போயிருக்கிறேன். ‘உ’ 37, ‘ப’ 52, கோடு 15. பாதி நாள் பஞ்சியோடுதான் போயிருக்கிறேன்! அந்த 52இல் பாரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது நான்கே நாள். மிச்சம் 48இல் 41 நாள், எழுதிய எடையை எழுதியபடி முடித்திருக்கிறேன். பஞ்சி எனக்குத் தசையில் இல்லை, பாயில்தான் இருந்திருக்கிறது.

ஆனால் கொப்பி காட்டிய மற்றச் சங்கதிதான் என்னை யோசிக்க வைத்தது. ஆடி மாதம் ஒருநாள். நல்ல நித்திரை, முதல்நாள் வேலையிடத்தில் பதவி உயர்வுச் செய்தி, பெரிய எழுத்தில் ‘உ’. டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிர்வது, 60 கிலோ ஐந்து தடவை என்று எழுதியிருந்தேன். பஞ்சுபோல வந்தது. 65 போட்டேன், வந்தது. 70. அக்கா மற்றப் பக்கம் யாருக்கோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 75க்குத் தட்டுக்களை நானே ஏற்றினேன். மூன்றாவது தடவை முதுகு வளைந்தது தெரிந்தது, விட்டிருக்கலாம், விடவில்லை. இடுப்பில் சுருக்கென்றது.

குனிந்து செருப்பு வாரைப் பூட்டப் பதினாறு நாள் எடுத்தது. தசைப் பிடிப்புத்தான், படுத்துக் கிடக்காமல் நட என்றார் டொக்டர். காலையில் கடற்கரையோரம் நடந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. திரும்பிப் போனபோது டெட்லிஃப்ட் 40இலிருந்து. பக்கத்தில் மாசி மாதம் சேர்ந்த பிள்ளை 50 தூக்குகிறாள். அந்த நாலைந்து கிழமைதான் இந்தப் பதினொரு மாதத்தில் ஆகக் கடினம். பஞ்சி இல்லை, வெட்கம். அதற்கு என் கொப்பியில் எழுத்தே இருக்கவில்லை.

எழுதியதைவிடக் கூட ஏற்றிய நாட்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்பது. ஒன்பதும் ‘உ’. அதில் ஆறு தரம் அடுத்தமுறை எழுதிய எடையை முடிக்க முடியவில்லை. ஒழுங்கு என்றால் பஞ்சி வரும் நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு போவது என்றே நினைத்திருந்தேன். என் விஷயத்தில் அது வேலையில் பாதிதான். உசார் வரும் நாளில் எழுதியதோடு நிறுத்துவது மற்றப் பாதி, அதில் நான் இன்னும் கெட்டிக்காரி இல்லை.

கந்தசஷ்டிக்கு விரதம் பிடித்தேன். அந்த ஆறு நாளும் பாதி எடை, பாதி செட் (ஒரே மூச்சில் தூக்கும் சுற்று). முருகனுக்கும் அக்காவுக்கும் சம்மதம்.

சாப்பாடுதான் இன்னும் சரிவரவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்ற கணக்கில் என் 62 கிலோவுக்கு ஏறத்தாழ 100 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவு. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. சோயாமீற், கடலை, தயிர் என்று எதைப் போட்டுக் கூட்டினாலும் 75 பக்கம்தான் நிற்கிறது. புரதப் பவுடர் விலையைக் கேட்டுவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

இன்றைய கணக்கு: ஸ்குவாட் 52.5. டெட்லிஃப்ட் 70, இந்தமுறை முதுகு நேராக. பெஞ்ச் பிரஸ், அதாவது பெஞ்சில் படுத்துப் பாரை மேலே தள்ளுவது, ஆறு கிழமையாக 27.5இல் நிற்கிறது. ஜிம்மில் ஆகச் சின்னத் தட்டு 1.25 கிலோ, இரண்டு பக்கமும் போட்டால் ஒரேயடியாக 2.5 ஏறும். 27.5க்கு அது ஒன்பது வீதம், என் கைக்கு அது பெரிய படி. அரைக் கிலோத் தட்டு இரண்டு எடுத்துத் தரச் சொல்லி அக்காவிடம் கேட்டிருக்கிறேன். அதுவரைக்கும் எடையை அப்படியே வைத்துத் தடவையைக் கூட்டிப் பார்க்கிறேன். நேற்று மூன்று செட்டில் 7, 6, 6 தடவை. மழை. ‘ப’.