சாம்பல் பூத்த மட்கார்டு: ஒன்பது வாரக் குறிப்பு

என் டூரிங் பைக்குக்கு ஆறு வயது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சலிக்காமல் ஏறி இறங்கிய வண்டி, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் முழுக்க விபூதி பூசியதுபோல வெளுத்துவிட்டது. முன் மட்கார்டு, ஹேண்ட் கார்டு, டேங்குக்குக் கீழே உள்ள பேனல், பின்பக்கப் பெட்டியின் அடித்தட்டு, எதுவும் தப்பவில்லை. தூத்துக்குடி வெயிலில் தினமும் பகல் முழுக்க வெட்டவெளியில் நிற்கிற வண்டி. பார்க்க மனசு கேட்கவில்லை.

முதல் வாரம்

தெருமுனை ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி, "தேங்காண்ணெய் தடவிப் பாருங்க தம்பி, பளிச்சுன்னு ஆயிரும்" என்றார். தடவினேன், ஆனது. இரண்டு நாள் கழித்துத் திருச்செந்தூர் பக்கம் போய்வந்தபோது தேரிக்காட்டுச் செம்மண் முழுவதும் மட்கார்டில் அப்பிக்கொண்டது. ஷாம்பு போட்டுக் கழுவினால் பழைய சாம்பல் நிறம் அப்படியே வந்து நின்றது. கடையில் விற்கும் சிலிகான் பாலிஷும் கிட்டத்தட்ட இதே வேலைதான் செய்கிறது. என்ன, மண் கொஞ்சம் குறைவாக ஒட்டும். அதை மட்டும் தப்பித்தவறி சீட்டிலோ கால் வைக்கும் இடத்திலோ டயரிலோ பிரேக் டிஸ்கிலோ படவிடக் கூடாது. வழுக்கும்.

இரண்டாம் வாரம்

இந்த வாரம்தான் உருப்படியாக ஒன்று தெரிந்துகொண்டேன்: வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளை இல்லை.

எங்கள் வீட்டில் வண்டி கழுவுவது போர் தண்ணீரில். பக்கெட்டின் உள்புறமே வெள்ளை படிந்து கிடக்கும். அதே உப்பு பிளாஸ்டிக்கிலும் படிந்திருக்கும் என்று தோன்றியது. வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்து டேங்க் பேனலில் பத்து நிமிடம் போர்த்தி வைத்தேன். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டதும் பேனலில் முக்கால்வாசி கறுப்பு திரும்பிவிட்டது! அங்கே இருந்தது வெறும் உப்புக்கறை. இடுக்குகளில் மட்டும் பழைய வேக்ஸ் காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றது. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் அதற்குப் போதும்.

மட்கார்டிலும் ஹேண்ட் கார்டிலும் வினிகர் ஒன்றும் செய்யவில்லை. அது நிஜமான வெளுப்பு. புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலில் உள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து, வெளிச்சம் அவற்றில் சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. கறுப்பு நிறமி அடியில் பத்திரமாகவே இருக்கிறது. நனைந்தால் கறுப்பாவதும் காய்ந்தால் சாம்பலாவதும் இதனால்தான். தண்ணீர் அந்த வெடிப்புகளை நிரப்பிக்கொள்கிறது.

நான்காம் வாரம்

வெளுத்த பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டிக் கறுப்பாக்கிப் பார்க்கலாம் என்று, அனல் காற்றை ஊதும் ஹீட் கன் ஒன்றைக் கடன் வாங்கினேன். பாகத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், என்ன பிளாஸ்டிக் என்று அச்சிலேயே எழுதியிருக்கும். என் ஹேண்ட் கார்டில் 'பிபி', அதாவது பாலிபுரோப்பிலீன். அது உருக 160 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சீட்டுக்குக் கீழே உள்ள பேனல் ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக். அது 100 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். அதனால் அதைத் தொடவே இல்லை. ஸ்ப்ரே பெயின்ட் அடிக்க நினைப்பவர்களுக்கும் இந்த எழுத்து முக்கியம். பிபியின் மேல் சாதாரண பெயின்ட் பிடிக்காது, தனி பிரைமர் இல்லாமல் அடித்தால் தோல் தோலாக உரிந்து வரும்.

இடது ஹேண்ட் கார்டைக் கழற்றி வைத்து, கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் வீசிக்கொண்டே போனேன். சாம்பல் நிறத்தின் ஓரம் மெல்லக் கறுத்து, ஈரத்தரையில் தண்ணீர் பரவுவதுபோல நகர்ந்தது. அழகான காட்சி. ஒரு மூலையில் இரண்டு விநாடி கை நின்றுவிட்டது. அந்த இடத்தில் சொரசொரப்பு போய்ப் பெருவிரல் அகலத்துக்கு வழவழப்பாகிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

ஐந்தாம் வாரம்

வலது ஹேண்ட் கார்டுக்கும் மட்கார்டுக்கும் கறுப்புச் சாயம் கலந்த டிரிம் ரீஸ்டோரர், அதாவது வெளுத்த பிளாஸ்டிக்கில் பூசும் திரவம். இதில் பூசுவது பத்து நிமிட வேலை, சுத்தம் செய்வதுதான் அரை நாள். சோப்பு, பிரஷ், நல்ல தண்ணீர், ஒரு மணி நேரம் காயவிடுவது, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி. வெள்ளைத் துணியில் கறுப்போ மண்ணோ வராமல் போகும் வரை துடைத்தேன். ஆல்கஹால் விண்ட்ஷீல்டில் படாமல் பழைய பெட்ஷீட்டால் மூடிவிட்டேன். ரீஸ்டோரர் நாலைந்து சொட்டு போதும். மைக்ரோஃபைபரில் விட்டு அழுத்தித் தேய்த்து, மிச்சத்தை உடனே துடைத்துவிட வேண்டும். நிழலில் செய்யுங்கள். சூடான பிளாஸ்டிக்கில் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும்.

ஒன்பதாம் வாரம்

நடுவில் இரண்டு நல்ல மழை, வாரம் ஒரு கழுவல். ஹீட் கன் காட்டிய இடது பக்கம் மேல்விளிம்பில் மறுபடியும் சாம்பல் தட்டத் தொடங்கியிருக்கிறது. சாயம் பூசிய வலது பக்கம் அன்று இருந்த மாதிரியே இருக்கிறது, தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருள்கிறது. கடைசி அலசலுக்கு மட்டும் இப்போது குடிநீர் ஒரு பக்கெட் எடுத்துக்கொள்கிறேன், உடனே துணியால் ஒற்றியும் விடுகிறேன். டேங்க் பேனலில் உப்பு திரும்ப வரவில்லை.

பெட்டியின் அடித்தட்டு பாக்கி. நான்கு ஆலன் போல்ட்டில் ஒன்று துருப்பிடித்து அசைய மறுக்கிறது. எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருக்கிறேன்.