கெணத்து நீச்சலும் நிலாவெளி கடலும்

மே 4, கிருஷ்ணகிரி

லீவுக்கு இலங்கை போறோம், அங்க நிலாவெளி கடல்ல குப்புற மெதந்துட்டே மீன் பாக்கறதுக்கு (ஸ்நார்கெலிங்) ஆன்லைன்ல போட்ட மாஸ்க், மூச்சு விடற குழாய் எல்லாம் இன்னிக்கு வந்துடுச்சு. பாப்பாவுக்கு பொறுமையே இல்ல, பாத்ரூம்ல அண்டா நெறைய தண்ணி ரொப்பி மூஞ்சிய முக்கி பாக்கணும்னு ஒரே அடம், சரின்னு நான் பக்கத்துலயே நின்னு விட்டேன். மூக்க மாஸ்க் மூடிக்கும், மூச்சு உள்ள வெளிய எல்லாமே வாயில தான். கேக்க லேசா இருக்கு, ஆனா மூஞ்சில தண்ணி பட்ட உடனே மூச்சு தானா நின்னு போயிடுது. நாலஞ்சு தடவை திணறிட்டு அப்புறம் புடிச்சுக்கிட்டா.

உடனே கேள்வி. "இந்த குழாய் ஏன்மா இத்துனூண்டு இருக்கு, அப்பா கடையில இருக்கற போர் பைப்ப சொருகிக்கிட்டா அடி வரைக்கும் போலாமே?" அவரு போர் மோட்டார் கடை வெச்சிருக்கறவரு, "போலாமே, எத்தன அடி வேணும்"னு கிண்டல் பண்றாரு. நான் பிளஸ் ஒன்னுக்கு இயற்பியல் எடுக்கறவ, விட மனசு வரல. தண்ணிக்குள்ள 1 மீட்டர் எறங்கினாலே நெஞ்சு மேல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 100 கிராம் வெயிட்டு கூடுதலா அழுத்தும், அத்தனையும் தள்ளி நெஞ்ச விரிச்சு மேல இருக்கற காத்த இழுக்க நம்ம தசைக்கு தெம்பு பத்தாது. அது பத்தாதுன்னு, நீள குழாய்ல நாம விட்ட காத்து வெளிய போகாம அதையே திருப்பி இழுத்துட்டு இருப்போம். பாப்பா பாதிலயே டிவி பாக்க போயிட்டா. கடைசி வரைக்கும் கேட்டது அத்தை தான், "அப்ப நான்லாம் வரல கண்ணு, கரையில குந்திக்கறேன்"னுட்டாங்க.

மே 10, திருகோணமலை

ராத்திரி 2 மணிக்கு கெளம்பி ஓசூர் வழியா பெங்களூர் ஏர்போர்ட், அங்க இருந்து கொழும்பு, அப்புறம் வேன்ல குருநாகல், தம்புள்ள, ஹபரணைன்னு நாள் பூரா ரோடு. ஹபரணை தாண்டி ரோட்டோரமா ஒத்த யானை நின்னுச்சு, டிரைவர் லைட்ட கூட போடாம மெதுவா கடந்தாரு. அஞ்செட்டி ரோட்டுல யானைன்னா நாம போடற கூச்சல் ஞாபகம் வந்துச்சு.

மே 11

அத்தைக்காக காலைல கோணேசர் கோயில். சம்பந்தர் பாடின ஸ்தலம்னு ஊர்லயே சொல்லி வெச்சிருந்தேன், அவங்களுக்கு மலை உச்சில இருந்து செங்குத்தா கீழ தெரியற கடல் தான் புடிச்சுது. கன்னியாவுல ஏழு வெந்நீர் கெணறு, வாளியில மொண்டு ஊத்திக்கிட்டோம், சூடு ஒவ்வொன்னுக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறுது.

சாயங்காலம் நிலாவெளில போட்டுக்கார தம்பி மாஸ்க் பாத்து குடுத்தாரு. தலைப் பட்டைய மாட்டாம மாஸ்க்க மூஞ்சில வெச்சு மூக்கால லேசா உறிஞ்சணும், கைய எடுத்தாலும் ஒட்டிக்கிட்டு நிக்கணும், அது தான் டெஸ்ட்டு. எனக்கு நின்னுச்சு, பாப்பாவுக்கு நின்னுச்சு, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் பொத்து பொத்துனு விழுது. காரணம் மீசை. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து இருக்கற மீசை, அது ரப்பர் ஓரத்துக்கும் தோலுக்கும் நடுவுல மாட்டினா அந்த சந்துல தண்ணி வரத்தான் செய்யும். "வழிச்சா சரி அண்ணே"ன்னாரு தம்பி. அவரு மூஞ்சிய பாக்கணுமே. கடைசில மூக்குக்கு கீழ ஒட்டின மேல் வரிசைய மட்டும் கத்திரியால ஒட்ட நறுக்கி கொஞ்சம் வாசலின் தடவறதுன்னு பஞ்சாயத்து முடிஞ்சுது.

மே 12, புறாத்தீவு

காத்து எழும்பறதுக்கு முன்னாடி போகணும்னு விடிஞ்சதும் போட்ல ஏறிட்டோம். கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் தான், பத்து நிமிஷத்துல தீவு. 2003ல இருந்து தேசிய பூங்கா, அதனால டிக்கெட்டு வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ரேட்டு, நல்லாவே கடிக்குது. கரையில மணலுக்கு பதிலா பூரா செத்த பவளத் துண்டு, விரல் விரலா வெள்ளையா, நடந்தா சலங்கு சலங்குனு சத்தம். பாக்க அழகு தான், ஆனா அத்தனையும் ஒரு காலத்துல உசுரோட இருந்துது. உள்ள தண்ணிலயும் ஒடைஞ்ச பாறை நெறைய, அது மேலயே கால்ல ஃபின்ஸ் (நீச்சல் செருப்பு) போட்டுட்டு நின்னு செல்ஃபி எடுக்கறவங்க நம்மூர்க்காரங்களும் இருந்தாங்க, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வகுப்பா இருந்தா வெளிய நிக்க வெச்சிருப்பேன். பவளம்ங்கறது கல்லு இல்ல, குட்டி குட்டி ஜீவன்க சேந்து கட்டின வீடு, ஒரு மிதி மிதிச்சா பல வருச வளர்ச்சி போச்சு.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு கெணத்துல மேல இருந்து தலைகீழா குதிச்சு வளந்தவரு எங்க வீட்டுக்காரரு, அந்த தெம்புல சடசடன்னு கை கால அடிச்சுட்டு போறாரு. அடிக்க அடிக்க குழாய்ல தண்ணி ஏறுது, இருமறாரு, எந்திரிச்சு நிக்க பாக்கறாரு, தம்பி "நிக்காதேங்கோ, நிக்காதேங்கோ, கீழ பவளம்"னு கத்தறாரு. கெணத்துல சும்மா இருந்தா முழுகிடுவோம். இங்க லிட்டருக்கு 35 கிராம் உப்பு, லைஃப் ஜாக்கெட் வேற, முழுகணும்னாலும் முடியாது. குப்புற படுத்து செத்த பொணமா கெடக்கணும், வேற வேலையே இல்ல. அது தெரியாம அவரு மீனையெல்லாம் வெரட்டி விட்டுட்டு இருந்தாரு.

இந்த நேரத்துல வரமாட்டேன்னு குந்தி இருந்த அத்தை, சுடிதார் மேல லைஃப் ஜாக்கெட்ட கட்டிக்கிட்டு, தம்பி இழுத்துட்டு போற ட்யூப்ப புடிச்சு மெதுவா எறங்கிட்டாங்க! நீச்சல் தெரியாது, அதனால அடிக்கணும்னும் தோணல. தலைய குனிஞ்சாங்க, அவ்ளோ தான், எந்திரிக்கவே இல்ல. குழாய்க்குள்ளயே பேசறாங்க, "ஊ... ஊவூ"ன்னு, என்ன பேச்சோ. அப்புறமா கேட்டா, "மஞ்சளா ஒன்னு போச்சு, உன் புள்ளைய கூப்புட்டேன்"ங்கறாங்க.

எனக்கு புடிச்சது கிளி மீன். பச்சையும் நீலமுமா, பேருக்கு ஏத்த அலகு, பாறைய கொத்தி கொத்தி திங்குது. கண்ண மூடிட்டு கேட்டா கூட்டமா குந்தி பொரிகடலை கடிக்கிற சத்தம், காதுக்குள்ளயே கேக்குது. கடிச்ச பவளத்த அரைச்சு மணலா பின்னாடி விடுது, புகையா கொட்டினத கண்ணால பாத்தோம், பாப்பாவுக்கு இந்த ட்ரிப்லயே பெரிய விஷயம் அது தான்.

அப்புறம் சுறா. துடுப்பு நுனி கறுப்பா, அஞ்சடிக்கு மேல இருக்கும்னு தோணுச்சு, என் நெஞ்சு அடிக்கறது எனக்கே கேட்டுச்சு. "பயப்பிடாதேங்கோ, ஒண்டும் செய்யாது, உங்கள கண்டா அது தான் ஓடும்"னாரு தம்பி, சொன்னபடியே ஓடிடுச்சு. தண்ணிக்குள்ள மாஸ்க் வழியா பாத்தா எல்லாமே மூணுல ஒரு பங்கு பெருசாவும் கால் பங்கு கிட்டவும் தெரியும், கணக்கு போட்டா அது நாலடி தான். இத பாப்பாகிட்ட சொன்னதுக்கு, "பள்ளிக்கூடத்துல அஞ்சடின்னே சொல்லிக்கறேன்"னுட்டா.

மே 13

முதுகும் முட்டிக்கு பின்னாடியும் எரியுது, மூணு மணி நேரம் குப்புற கெடந்தா வெயில் வேற எங்க அடிக்கும். முழுக்கை சுடிதார் போட்ட அத்தைக்கு ஒன்னும் இல்ல. வெயிலுக்கு பூசற க்ரீம்ல சிலது பவளத்துக்கு ஆகாது, ஆக்சிபென்சோன்ங்கற கெமிக்கல் கலந்தத ஹவாய்ல விக்கறதையே நிறுத்திட்டாங்க, அதனால துணி தான் நல்லது.

இன்னிக்கு அவரு மட்டும் மறுபடி போயிட்டு வந்தாரு. ஆமை பாத்தாராம். அசையாம கெடந்தா அதுவே கிட்ட வருதுன்னு எங்களுக்கு கிளாஸ் எடுக்கறாரு, அத்தை ஒன்னும் சொல்லாம சிரிக்கறாங்க.

மே 18, கிருஷ்ணகிரி

ஊர்ல மாம்பழ லோடு ஓட்டம், கடையில மோட்டார் ரிப்பேர் குமிஞ்சு கெடக்கு. மாஸ்க்க நல்ல தண்ணில அலசி நெழல்ல காய வெச்சாச்சு, வெயில்ல போட்டா சிலிக்கோன் ரப்பர் வீணா போகும். எனக்கு மைனஸ் 3 பவர், கண்ணாடி இல்லாம தூர மீன் எல்லாம் கலங்கலா தான் தெரிஞ்சுது, பவர் லென்ஸ் போட்ட மாஸ்க்கே கெடைக்குதாம், வெல பாத்துட்டு இருக்கேன். அத்தை அவங்களுக்கும் ஒன்னு பாக்க சொல்லி இருக்காங்க, ப்ளஸ்ஸா மைனஸான்னு தான் தெரியல, நாளைக்கு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகணும்.