வயலைக் காயப்போட்டால் தட்டான் என்ன செய்யும்?

நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. துளையிட்ட குழாயை மண்ணில் இறக்கி வைத்து, நீர்மட்டம் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் தண்ணீர் மிச்சம், மீத்தேனும் குறையும். நானும் அப்படித்தான் விடுகிறேன். தட்டானுக்குத்தான் இது ஒத்துவராது.

தண்ணீர் கட்டியதுமே தட்டான் வந்து முட்டையிட்டுவிடும். குஞ்சு தண்ணீருக்குள்தான் வளரும்; வேகமாக வளரும் வகைக்கே சிறகு முளைத்து வெளியேற ஒன்றரை மாதம் போல ஆகும். முதல் காய்ச்சலோ நட்ட சில வாரத்திலேயே. சேற்றில் ஈரம் இருக்கும்வரை குஞ்சு தாக்குப்பிடிக்கும். மண் வெடித்தால் தீர்ந்தது. அதற்கு முன்பே கொக்கு பொறுக்கிவிடும், அது வேறு கதை.

பிழைத்ததா என்று தெரிய, பறக்கும் தட்டானைப் பார்த்துப் பயனில்லை. கடல் தாண்டி வரும் வகைகளும் உண்டு. தூரில் ஒட்டியிருக்கும் சட்டையைத் தேடுங்கள். குஞ்சு தண்டில் ஏறி உரித்துப்போட்ட தோல் அது. முதுகில் ஒரு பிளவு, அதிலிருந்து வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மூச்சுக்குழல்களின் உள்தோல்தான் அந்த இழை. அந்த வயலிலேயே வளர்ந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஜப்பானில் தொயோகா பகுதியில் நாரைக்காக விவசாயம் செய்பவர்கள், தவளைக்குஞ்சும் தட்டான் குஞ்சும் வளர்ந்து வெளியேறும்வரை காயப்போடுவதைத் தள்ளிவைக்கிறார்கள். நல்ல வழிதான், தண்ணீர் தாராளமாக இருந்தால். எனக்குச் சரிப்பட்டது அதே ஜப்பானின் சாதோ தீவுக்காரர்களின் வழி: வயலோரம் ஒரு வாய்க்கால் வெட்டி, வயல் காய்ந்தாலும் அதில் மட்டும் தண்ணீர் நிறுத்துவது. அங்கே அது அரிவாள்மூக்கன் பறவையின் இரைக்காக.

நான் வெட்டியது தாழ்வான பக்கத்து வரப்பை ஒட்டி, முழங்கால் ஆழத்துக்கு. மடையை ஒரேயடியாகத் திறக்காமல் மெல்ல வடியவிட்டால் குஞ்சுகள் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்காலுக்கு இறங்கிவிடுகின்றன. மீன் நுழையாமல் மடைவாயில் வலை கட்டியிருக்கிறேன். மீனுக்குத் தட்டான் குஞ்சு நல்ல தீனி. "தட்டானுக்குக் குளம் வெட்டுறியாப்பா?" என்றார் பக்கத்து வயல் அண்ணன். ஆமாம் என்றேன். இரண்டு வரிசை நாற்று போகிறது, போகட்டும்.

ஆனால் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்துக் குருணை போடும் வயலில் இந்த வேலை வேண்டாம். மருந்து கலந்த தண்ணீரும் வடிந்து அதே வாய்க்காலில்தான் சேரும்.