வருமான வரி ரிட்டர்ன் சீசன்: நானேவா, ஆடிட்டரா?

2025 ஜூன் 16, திங்கள்

சம்பளத்துக்கும் அதில் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்றிதழ், ஃபார்ம் 16, மெயிலில் வந்துவிட்டது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ரிட்டர்னை நாமே போடுவதா, ஆடிட்டரிடம் கொடுப்பதா என்ற வருடாந்திரப் பட்டிமன்றமும் ஆரம்பம். ‘அரை மணி நேர வேலை, இதுக்குப் போய் ஆடிட்டரா’ என்று ஒரு கட்சி. ‘நோட்டீஸ் வந்தா யார் பதில் சொல்றது’ என்று எதிர்க்கட்சி. இந்த வருடம் கடைசித் தேதியை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிவிட்டதால் யாருக்கும் அவசரம் இல்லை, பேச நேரம் இருக்கிறது.

வெறும் சம்பளம், சேமிப்புக் கணக்கு வட்டி, ஒரு எஃப்டி. இவ்வளவுதான் என்றால் எனக்கு இந்தக் கேள்வியே கிடையாது. வருமான வரித்துறையின் போர்ட்டலே பாதிக்கு மேல் நிரப்பி வைத்திருக்கும், ஐடிஆர்-1 என்ற எளிய படிவத்தைப் போட்டு முடித்துவிடலாம். ஆனால் போன நவம்பரில் அப்பாவின் பங்குகளை விற்றிருக்கிறேன். அவர் 2011-இல் வாங்கியவை, அவர் காலமான பிறகு என் டீமேட் (பங்குக்) கணக்குக்கு வந்தவை. ஆடிட்டர் ஆபீசில் கேட்டேன். ‘பங்கு வித்த லாபம், அதாவது மூலதன ஆதாயம் இருக்கா? அப்போ ஆறாயிரம் ஆகும் சார்’ என்றார்கள்.

ஆறாயிரம் எதற்கு என்று புரிந்தால் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. முதலில் அது புரியட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் போர்ட்டலில் நுழைந்து 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் இறக்கினேன். 26ஏஎஸ் என்பது என் பேரில் பிடித்த வரியின் பட்டியல். ஏஐஎஸ் அதைவிட நீளம். வங்கி வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, மியூச்சுவல் ஃபண்ட் என்று வருமான வரித்துறைக்கு நம்மைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதில் இருக்கும். இதைப் பார்க்காமல் ரிட்டர்ன் போடுவது எப்படி என்றே எனக்குப் புரியவில்லை. ஆடிட்டரிடம் போகிறவர்களில் எத்தனை பேர் இதைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதும் சந்தேகம்தான்.

மறந்தே போன ஒரு பழைய கணக்கின் வட்டி 1,140 ரூபாய் அதில் இருந்தது. பங்கு விற்ற தொகையும் இருந்தது, 2,80,000. சரி. அப்புறம் புரோக்கர் தரும் வரி அறிக்கையைத் திறந்தேன். ‘வாங்கிய விலை’ என்ற இடத்தில் பூஜ்யம். பங்குகள் வாரிசு மாற்றத்தில் வந்தவை, நான் அவர்கள் மூலம் வாங்கியவை அல்ல. அதனால் அவர்களிடம் விலை இல்லை. அந்தப் பூஜ்யத்தை அப்படியே ஏற்றிக்கொண்டால் 2,80,000 முழுவதும் லாபம்.

மூலதன ஆதாயம் 1,25,000-ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 போட முடியாது, அதைவிடப் பெரிய படிவமான ஐடிஆர்-2 வேண்டும். அது ஆன்லைனில் இன்னும் திறக்கவில்லை. காத்திருக்க வேண்டியதுதான்.

ஜூலை 6, ஞாயிறு

தங்கை இரண்டு ஃபார்ம் 16-களோடு வந்தாள். அக்டோபரில் வேலை மாறியவள். பழைய இடத்தில் ஆறு மாதத்துக்கு 6,00,000, புது இடத்தில் 7,50,000. ‘ஒண்ணுல கொஞ்சம் வரி பிடிச்சிருக்காங்க, இன்னொண்ணுல வரியே இல்ல. ரீஃபண்ட் எவ்வளவுண்ணா வரும்?’ என்றாள்.

புது கம்பெனிக்கு அவளுடைய பழைய சம்பளம் தெரியாது. அவர்கள் 7,50,000-இல் சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகத் தரும் நிலைக் கழிவு 75,000 போக 6,75,000 என்று எடுத்துக்கொண்டார்கள். 2024-25-க்குப் புதிய வரி முறையில் ஏழு லட்சம் வரை வரித் தள்ளுபடி இருந்தது என்பதால் வரி பூஜ்யம். பழைய கம்பெனியும் அதே 75,000-ஐக் கழித்துத்தான் மாதாமாதம் பிடித்தது, மொத்தம் சுமார் 36 ஆயிரம். இரண்டையும் சேர்த்தால் 13,50,000. கழிவு ஒரு தடவைதான். மீதி 12,75,000. வரி 95,000, நான்கு சதவீத செஸ் சேர்த்து 98,800. பிடித்தது போக இன்னும் 63 ஆயிரம் கட்ட வேண்டும். வருடத்துக்குள்ளேயே தவணையாகக் கட்ட வேண்டிய முன்கூட்டிய வரியைக் கட்டாததற்கு வட்டி வேறு, ஐயாயிரத்துக்கு மேல்.

‘நல்ல ஆடிட்டரா பார்த்தா குறைக்க முடியாதா?’ என்று கேட்டாள். ஆடிட்டர் என்றால் வரியைக் குறைப்பவர் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. வருடம் மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் போயிருந்தால் எதையாவது திட்டமிட்டிருக்கலாம். ஜூலையில் போனால் அவரும் இதே கூட்டலைத்தான் போடுவார். புது வேலையில் சேர்ந்ததும் ஃபார்ம் 12பி கொடுத்து பழைய சம்பளத்தைச் சொல்லியிருந்தால் வரியை மாதாமாதம் பிடித்திருப்பார்கள், வட்டி விழுந்திருக்காது. ஹெச்ஆர் அவளிடம் அதைக் கேட்கவே இல்லையாம்.

அவளுடைய ரிட்டர்னுக்கு ஆள் தேவையில்லை. பணம்தான் தேவை.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியிருக்கிறது. பொய்யான கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்கள்தான் குறி. தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. கடந்த நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளை விலக்கிக்கொண்டார்கள் என்றும் துறை சொல்கிறது.

எங்கள் ஆபீஸ் மாடியிலேயே இப்படி ஒருவர் வந்து போவார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப். வருகிற ரீஃபண்டில் இவ்வளவு சதவீதம் எனக்கு என்பதுதான் அவர் கூலி. எவ்வளவு ரீஃபண்ட் வருகிறதோ அவ்வளவு கூலி என்றால் அவர் எந்தக் கட்டத்தில் என்ன எண் போடுவார் என்று யோசிக்க வேண்டாமா? கட்சி நன்கொடை, வாங்காத கடனுக்கு வட்டி, கொடுக்காத வாடகை, எல்லாம் வரும். யார் நிரப்பினாலும் ரிட்டர்னின் கடைசிப் பக்கத்தில் ‘எனக்குத் தெரிந்தவரை இது சரி’ என்று உறுதிமொழி கொடுப்பது நாம்தான். நோட்டீஸும் நம் பேருக்குத்தான் வரும். ‘எனக்கு ஒண்ணும் தெரியாது சார், அவர்தான் போட்டார்’ என்பது அங்கே செல்லாது.

ஆளை வைத்துக்கொண்டால் பொறுப்பும் அவரிடம் போய்விடும் என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியை ஒரு தடவை முழுதாகப் படிக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

ஐடிஆர்-2 ஆன்லைனில் திறந்துவிட்டது. சம்பளம், வட்டி, டிவிடெண்ட் எல்லாம் சரசரவென்று முடிந்தது. பழைய வரி முறையா புதிய வரி முறையா என்று போர்ட்டலிலேயே ஒப்பிட்டுப் பார்த்தேன். வீட்டுக் கடனும் வாடகையும் இல்லாத எனக்குப் புதியதுதான் லாபம்.

நின்றது பங்கு லாபத்தைக் காட்டும் 112ஏ அட்டவணையில். ஒவ்வொரு பங்காக ஏற்ற வேண்டும். 2018 ஜனவரி 31-க்குப் பிறகு வாங்கியதா, முன்னால் வாங்கியதா என்று கேட்கிறது. நான் எதுவும் வாங்கவில்லையே! வந்தது அப்பாவிடமிருந்து. அதிலும் பாதி 2019-இல் கம்பெனி இலவசமாகக் கொடுத்த போனஸ் பங்குகள். அவற்றுக்கு எந்தத் தேதி, என்ன விலை? யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு விடை. அதில் ஒருவர் அவ்வளவு உறுதியோடு தப்பாகச் சொல்கிறார், கேட்டால் நம்பிவிடுவோம்.

ஆறாயிரத்தில் எனக்கு வேண்டியது இந்த ஒரு பதில்தான். மற்றதெல்லாம் தட்டச்சு வேலை.

ஜூலை 26, சனி

வேறொரு ஆடிட்டரைப் பிடித்தேன். ‘ரிட்டர்ன் நானே போட்டுக்கறேன் சார், ஒரு சந்தேகம் கேட்கணும், அதுக்கு ஃபீஸ் சொல்லுங்க’ என்றேன். சிரித்தார். இப்படிக் கேட்டு வருகிறவர்கள் குறைவாம். 1,500 சொன்னார். நான் கொண்டுபோன தாளில் எண்ணிக்கை, தேதி, விற்ற விலை எல்லாம் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, அதன் ஓரத்திலேயே பென்சிலால் கணக்குப் போட்டார்.

‘வாரிசா வந்ததுக்கு அப்பா வாங்கின விலைதான் உங்க விலை, அப்பா வாங்கின நாள்தான் உங்க நாள். அதனால 2018 ஜனவரி 31-க்கு முந்தினதுன்னு எடுத்துக்கணும். அன்னிக்கு மார்க்கெட்டில் போன அதிகபட்ச விலையை வாங்கின விலையா வெச்சுக்கலாம், விற்ற விலையைத் தாண்டாத வரைக்கும்.’ அப்பா வாங்கியது 110 ரூபாய்க்கு. 2018 ஜனவரி 31 அன்று விலை 1,240. விற்றது 1,400-க்கு. நூறு பங்குக்கு லாபம் 16,000 மட்டும்.

‘ஆனா போனஸ் 2019-ல வந்தது. அதுக்கு இந்தச் சலுகை இல்ல, வாங்கின விலை பூஜ்யம்தான்.’ அந்த நூறு பங்குக்கு லாபம் 1,40,000. மொத்தம் 1,56,000. விலக்கு 1,25,000 போக 31,000. பன்னிரண்டரை சதவீதம், செஸ் சேர்த்து 4,030 ரூபாய்.

புரோக்கர் அறிக்கையின் பூஜ்யத்தை அப்படியே போட்டிருந்தால் 20,150. எல்லாவற்றுக்கும் 2018 விலையைப் போட்டிருந்தால் வரியே வராது, ஆனால் அது தப்பான கணக்கு. எழுந்திருக்கும்போது, ‘போனஸ் வந்ததுக்கான கடிதம், வாரிசு மாற்றத்தின் நகல், அப்பா வாங்கினப்போ புரோக்கர் கொடுத்த ரசீதான கான்ட்ராக்ட் நோட் எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்குங்க. கேட்டா காட்டணும்’ என்றார். இதையும் யூடியூபில் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வரி கட்டியாயிற்று. வட்டி வருமானத்துக்கும் சேர்த்து பாக்கி பத்தாயிரத்துக்குள் இருந்ததால் முன்கூட்டிய வரி கட்டவில்லை என்ற வட்டி எனக்கு விழவில்லை. ரிட்டர்ன் சமர்ப்பித்தேன். ஆதார் ஓடிபி போட்டு சரிபார்ப்பும் முடிந்தது. இதை 30 நாளுக்குள் செய்யாவிட்டால் சரிபார்த்த நாள்தான் ரிட்டர்ன் போட்ட நாள், செய்யாமலே விட்டால் போட்ட ரிட்டர்ன் போடாத மாதிரிதான். ஆடிட்டரிடம் கொடுத்தவர்கள் பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். ஓடிபி நம் போனுக்கு வரும், அவர் கேட்கும்போது நாம் மீட்டிங்கில் இருப்போம்.

அடுத்து தங்கையின் ரிட்டர்ன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே செலான் கட்டினாள். யாரைத் திட்டினாள் என்பது எழுத உகந்ததல்ல.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் சம்பளத்தோடு எஃப் அண்ட் ஓ-வும் (பங்குச் சந்தையில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் டிரேடிங்) செய்கிறவர். ‘நீதான் எக்ஸ்பர்ட் ஆயிட்டியே, எனக்கும் போட்டுக் குடு’ என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். எஃப் அண்ட் ஓ-வில் வருவது வியாபார வருமானம், அதற்கு ஐடிஆர்-3 படிவம். டர்ன்ஓவரை எப்படிக் கணக்கிடுவது, தணிக்கை வேண்டுமா, எந்தச் செலவைக் கழிக்கலாம் என்று அடுக்கடுக்காக முடிவெடுக்க வேண்டும். நஷ்டத்தை அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கெடுவுக்குள் போட்டே ஆக வேண்டும். பழைய வரி முறை, புதிய வரி முறை என்று மாற்றுவதும் அவருக்கு என்னைப் போல வருடாவருடம் இஷ்டத்துக்கு இல்லை. அவர் ஆடிட்டருக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை என்பது என் அபிப்பிராயம். அக்கா இதில் உடன்படவில்லை. அவளைப் பொறுத்தவரை வீண், அந்த டிரேடிங்தான்.

புதிய வருமான வரிச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்துவிட்டார். 2026 ஏப்ரல் 1 முதல் அமல். 1961 சட்டத்தின் பிரிவு எண்களை இப்போதுதான் கொஞ்சம் மனப்பாடம் செய்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நேற்று நாள் முழுக்க போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருந்ததாம். ராத்திரி கெடுவை ஒரே ஒரு நாள் நீட்டித்தார்கள். குழுவில் பட்டிமன்றம் ஓய்ந்து, ‘யாருக்காவது லாகின் ஆகுதா?’ என்ற ஒரே கேள்வி.

ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு எனக்கு வந்துவிட்டது. நான் போட்ட கணக்கும் அவர்கள் போட்ட கணக்கும் ஒன்றுதான். தங்கைக்கு இன்னும் வரவில்லை.

மச்சானுக்கு அவருடைய ஆடிட்டர் இன்று மதியம்தான் போட்டு முடித்தார். ‘நஷ்டத்தை இன்னும் எட்டு வருஷத்துக்கு வியாபார லாபத்துல கழிச்சுக்கலாம்டா’ என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார். பின்னாலிருந்து அக்கா குரல்: ‘கழிக்கறதுக்கு முதல்ல லாபம் வரணும்ல!’