இறக்கத்தில் எழும் முழக்கம்

பென்சில்வேனியாவில் எங்கள் வீடு நெடுஞ்சாலை இறக்கத்தை ஒட்டியிருப்பதால், கனரக லாரிகளின் எஞ்சின் பிரேக் ஓசை எனக்குப் பழகிப்போன ஒன்று. சிலிண்டரில் காற்று இறுகி உச்சத்தை எட்டும் நொடியில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து அதை வெளியேற்றி வேகத்தைத் தணிக்கும் இந்த ஏற்பாட்டை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீண்ட இறக்கங்களில் சக்கர பிரேக்குகள் சூடேறிச் செயலிழக்காமல் காப்பதால், அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

சைலன்சர் ஒழுங்காக இருந்தால் அது வெறும் உறுமல்தான். அதைக் கழற்றிவிட்டு வெறுங்குழாய் பொருத்திய லாரியோ இயந்திரத் துப்பாக்கிபோல் படபடக்கிறது. சென்ற வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு அப்படியொன்று இறங்கியபோது, அலமாரியிலிருந்த எவர்சில்வர் தம்ளர்கள் கிணுகிணுத்தன. 1988 முதல் தயாராகும் கனரக லாரிகளின் ஓசை 50 அடி தொலைவில் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. கழற்றிய சைலன்சருக்கு விதி எங்கே தெரியப்போகிறது?

நான் வீட்டில் கதவையாவது சாத்திக்கொள்ளலாம். அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டிவிட்டுக் கட்டாயமான 10 மணி நேர ஓய்வில் கேபினுக்குள் உறங்கும் சக ஓட்டுநரின் தலைமாட்டில், நள்ளிரவில் ஆக்சிலரேட்டரை மிதித்து முழக்கிப் பார்த்த ஒருவரை லாரி நிறுத்தத்தில் கண்டிருக்கிறேன். பக்கத்துக் கேபினின் திரை விலகியது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.