கத்திப்பிடி பின்னுக்கு நாமே செய்யும் குழிப்பொறி

கத்திப்பிடியின் மரத்தை இறுக்கும் உலோக ஆணிதான் ‘பின்’ (pin). அதன் தலை வழவழப்பான குமிழாக நிற்க வெறும் சுத்தியல் போதாது. குழிப்பொறி, அதாவது பின் தலைமேல் வைத்து அடிக்கும், முனையில் குழி உள்ள எஃகுக் கம்பி வேண்டும், அதைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம்.

3 மி.மீ. பித்தளைப் பின்னுக்கு 8 மி.மீ. சில்வர் ஸ்டீல் (காய்ச்சிக் கடினமாக்கக்கூடிய கருவி எஃகு) கம்பி. முனையைச் சமமாக அராவி, நடுவில் 6 மி.மீ. உருண்டைத் தலை பர்ரால் (சுழன்று குடையும் வெட்டுமுனை) 0.8 மி.மீ. ஆழம் குடையுங்கள். வாய் சுமார் 4 மி.மீ. அகலம் வரும். காந்தம் ஒட்டாத சிவப்புக்குக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்துங்கள். பிறகு 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூட்டில் வையுங்கள். குழியைப் பாலிஷ் போட மட்டும் அவசரப்படவே கூடாது: உள்ளே ஒரு கீறல் இருந்தால் அது ஒவ்வொரு பின் தலையிலும் அப்படியே பதியும்.

பிடியின் இரு பக்கமும் பின் 1 மி.மீ. வெளியே நிற்கட்டும். 1 மி.மீ. தகட்டில் 3.2 மி.மீ. துளையிட்டுப் பின்மேல் மாட்டி, தகடு மட்டத்துக்கு அராவினால் எல்லாப் பின்னும் ஒரே உயரம். மரத்துளையின் வாயை 4 மி.மீ. அகலத்துக்குச் சாய்த்து விடுங்கள். பிதுங்கும் பித்தளைக்கு அங்கே இடம் வேண்டும். இல்லையென்றால் மரம் வெடிக்கும்.

இதே போல இன்னொரு பொறியை வைஸில் குழி மேல்நோக்க நிறுத்தி, பின்னின் அடிப்பக்கத் தலையை அதில் உட்காரவைத்து, மேல் தலையில் முதல் பொறியை வைத்து அடியுங்கள். சின்னச் சின்ன அடி, மேல் பொறியைச் சுழற்றிக்கொண்டே. ஓங்கி அடித்தால் பின் நடுவில் உப்பி, பிடி உள்ளிருந்தே பிளக்கும்.