காப்புப் பிரதி எங்கே இருக்கிறது?

கொக்குவிலில் நான் கணக்குப் பார்க்கச் செல்லும் சிறிய நிறுவனம் ஒன்றில், கடவுச்சொல் மஞ்சள் துண்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. நாளாந்தக் கணக்கின் பிரதியைச் சேமிக்கும் பென்டிரைவோ அதே கணினியில் இரவு பகலாகச் செருகியபடியே கிடக்கிறது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்னும் தீநிரல் புகுந்தால் மூலத்தையும் பிரதியையும் ஒருசேரப் பூட்டிவிடும் என்று முதலாளி ஐயாவிடம் சொன்னேன். “எங்கட சின்னக் கடையை ஆர் தம்பி தேடி வரப்போகினம்?” என்றார்.

எவரும் தேடி வரத் தேவையில்லை. தாக்கும் நிரல்கள் பழைய மென்பொருளைத் தாமாகவே துழாவிக் கண்டுபிடிக்கின்றன. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைச் சேவை தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமற் போயின. அங்கு இயங்கிய மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் உள்ளிட்ட ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. இணைப்பிலிருந்து விலக்கி வைத்த அண்மைய பிரதியும் இருக்கவில்லை. அமைச்சுகளின் நிலையே இதுவென்றால், கூட்டுறவுச் சங்கங்களையும் தனியார் மருத்துவ நிலையங்களையும் நினைக்க எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியுள்ளது. ஆயினும் சட்டம் பென்டிரைவைக் கழற்றாது. சென்ற வெள்ளிக்கிழமை நானே அதைக் கழற்றி, உறையிலிட்டு, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.